நோட்டின் பின்பக்கத்தில் மனிதர்கள் இருந்தார்கள்

என் அப்பாயியின் சுருக்குப்பையில் எட்டாக மடித்த ஐந்து ரூபாய் நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். வெற்றிலை வாசம் ஏறிய அந்தப் பச்சை நோட்டைப் பிரித்தால், பின்பக்கத்தில் ஓர் உழவர் டிராக்டரில் உழுதுகொண்டிருப்பார். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிக்கு அது 'டிராக்டர் நோட்டு'.

அந்நாளில் இரண்டு ரூபாயில் ஆரியபட்டா செயற்கைக்கோளும், நூறு ரூபாயில் ஹிராகுட் அணையும் இருந்தன. 2016 முதல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட புதிய வரிசையிலோ கோனார்க், எல்லோரா, ஹம்பியின் கல்தேர், குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறு, சாஞ்சி, செங்கோட்டை என்று பத்து முதல் ஐந்நூறு வரை எல்லாமே பழஞ்சின்னங்கள். நம் காலத்து உழைப்பைக் காட்டிய மங்கள்யான் விண்கலம் இரண்டாயிரம் ரூபாய் நோட்டில் இருந்தது. அதையும் திரும்பப் பெறுவதாக 2023 மே மாதம் அறிவித்துவிட்டார்கள்.

இச்சின்னங்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1954இல் வெளிவந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்ததை எண்ணினால் இன்றும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால், கோயிலும் கோட்டையும் மட்டுமே நாடு ஆகிவிடுமா?

எனக்குப் பெரிய இழப்பாகப் படுவது பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுதான். அதன் பின்பக்கத்தில், காந்தி கோலூன்றி முன்னே நடக்க, மக்கள் பின்தொடரும் தண்டி யாத்திரைக் காட்சி இருந்தது. அக்காட்சிக்கு அடிப்படையாக டெல்லியில் நிற்கும் சிற்பத் தொகுதியை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றியவர். மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையும் அவர் கைவண்ணமே. பாறையைப் பெயர்க்கும் அந்த நால்வரின் முதுகிலும் தோளிலும் புடைத்து நிற்கும் தசைகளைப் பார்த்து நின்ற யாருக்கும், மனித உடலின் முயற்சியை அவர் எவ்வளவு மதித்தார் என்பது விளங்கும். அவர் வடித்த மக்கள், பழைய நோட்டு செல்லாது என்று அறிவிக்கப்பட்ட 2016 நவம்பர் 8 வரை நாட்டின் ஒவ்வொரு சந்தையிலும் கைமாறிக்கொண்டிருந்தார்கள். இப்போதைய நோட்டின் பின்பக்கத்தில் அவர்கள் இடத்தில் செங்கோட்டை நிற்கிறது.

முன்பக்கத்தில் காந்தி இருக்கட்டும், இருக்கவே வேண்டும். அடுத்த வரிசையை வடிவமைக்கும்போது, ஒரு நோட்டின் பின்பக்கத்திலாவது நாற்று நடும் பெண்ணையோ, தறியில் அமர்ந்த நெசவாளரையோ, வலை இழுக்கும் மீனவரையோ பொறிக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.