கேட்டுவிட்டு அச்சடித்தவர்

தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ஐயர் என்றதும் தரங்கம்பாடி என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் வந்திறங்கிய ஜூலை 9 வந்தால் ஆராதனை, வேன் பிடித்துப் போய் புதிய எருசலேம் ஆலய வாசலில் ஒரு போட்டோ, அவ்வளவுதான். கடலூர்க்காரர்களான நமக்கும் அவருக்கும் உள்ள பந்தம் நம் பிரசங்க மேடைகளிலேயே வருவதில்லை. அதைவிடப் பெரிய குறை, அவர் எதற்காகப் புத்தகம் போட்டார், எப்படிப் போட்டார் என்பதை மறந்துவிட்டது. ரொம்ப நாளாக மனதில் இருப்பதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் ஊர்க் கதை. தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-இல் ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை நிலம் என்று ஒப்பந்தம். இங்கே குண்டு உப்பலவாடி என்ற கிராமத்துப் பேர் அங்கிருந்து வந்ததுதான். அந்த ஆங்கிலேயக் கடலூரில் 1717-இல் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு தர்மப் பள்ளிக்கூடம் தொடங்கினார் சீகன்பால்கு. அப்போது மதராஸ் கவர்னர் ஜோசப் கோலெட். அவர் ஒத்தாசை செய்தார். டேனிஷ்காரர் ஊரான தரங்கம்பாடியிலிருந்து வந்த ஒரு ஜெர்மானியர், ஆங்கிலேயர் ஊரில், தமிழ்ப் பிள்ளைகளுக்காக! பள்ளி நீண்ட காலம் நிற்கவில்லை. ஆனால் அடுத்த வருடமே, 1718 ஆகஸ்டில், கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்ற இளைஞர் சீகன்பால்கு கையால் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம். இந்தியாவிலேயே முதல் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபை இந்தியக் குருவானவர் நம் ஊர்க்காரர். மாயவரம் பக்கத்துக் கிராமங்களில் ஊழியம் செய்து 1745-இல் இறந்தார். மஞ்சக்குப்பத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் ஆபிரகாம், மோசே, தாவீது எல்லாம் சரியாகச் சொல்கிறார்கள். ஆரோன் என்றால் மோசேயின் அண்ணன் என்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, நாம் சொல்லித் தந்தால்தானே!

சரி, இப்போது ஐயர் விஷயத்துக்கு வருகிறேன்.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. வயதான ஒரு வாத்தியாரைப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளியையே தம் வீட்டுக்கு வரவழைத்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். டென்மார்க் ராஜா அனுப்பிய பாதிரியார், படித்தவர், சம்மணமிட்டு மணலில் எழுதிப் பழகினார். அவருடைய எல்லாப் புத்தகங்களுக்கும் வேர் அந்த மணல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டே வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேகரித்துப் பட்டியல் போட்டுவிட்டார். பெரும்பாலும் ஓலைச்சுவடிகள். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். இந்த ஜனங்கள் நாகரிகம் இல்லாதவர்கள் என்று ஐரோப்பாவில் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் புத்தகங்களைப் படித்துப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள் என்ற தொனியில் எழுதி அனுப்பியவர் அவர்.

1708-இல் ஒரு தமிழ் விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசியதால் டேனிஷ் கோட்டைத் தளபதி அவரைச் சிறையில் போட்டார். நான்கு மாதம். முதலில் பேனா, காகிதம்கூடக் கொடுக்கவில்லை. வெளியே வந்தும் ஊழியத்தை விட்டுப் போகவில்லை. நாகப்பட்டினம் போனார், கடலோரமாக மதராஸ் வரை போனார். போகிற வழியில் சத்திரத்தில், கோயில் பக்கத்தில், மரத்தடியில் என்று எங்கே உட்கார்ந்தாலும் பிராமணரோடும் பண்டாரங்களோடும் முஸ்லிம்களோடும் உரையாடினார். பிரசங்கம் செய்தார் என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். அவர் கேள்வி கேட்டார். அதுவும் போதாமல், உடன் ஊழியரான மிஷனரி கிரண்ட்லர் ஐயரும் அவரும் சேர்ந்து, உங்கள் வழிபாடு என்ன, சடங்கு என்ன, எங்கள் மதத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம் தமிழர்களிடம் எழுதிக் கேட்டார்கள். 1712 முதல் 1714 வரை பதிலாக வந்த கடிதங்கள் 99. அவற்றை ஜெர்மனில் பெயர்த்து ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்துக்கு அனுப்பி அச்சிலும் கொண்டுவந்தார்கள். கிறிஸ்தவர்கள் இப்படி நடந்துகொண்டால் நாங்கள் எப்படி உங்கள் மதத்தை நம்புவோம் என்ற குற்றச்சாட்டும் அவற்றில் உண்டு. அதையும் மறைக்காமல் போட்டார்கள். இந்த ஒரு காரியத்துக்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அச்சுக்கூடம் வந்த கதையைக் கேட்டால் மனசு கனத்துப்போகும். லண்டனிலிருந்து அனுப்பிய இயந்திரத்தை வழியில் ரியோ டி ஜெனிரோ பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பணம் கட்டி மீட்டார்கள். கூட வந்த அச்சுக்காரர் பயணத்திலேயே இறந்துபோனார். இயந்திரம் வந்தது, ஓட்ட ஆள் இல்லை. டேனிஷ் கம்பெனிப் படையில் அச்சு வேலை தெரிந்த ஒரு சிப்பாய் கிடைத்தார். 1713-இல் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. ஆனால் எழுத்து பெரிசு, காகிதம் கொஞ்சம். அதே அளவில் அடித்தால் புதிய ஏற்பாட்டுக்குக் காகிதம் பத்தாது. இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத் தகடுகளை உருக்கி, சின்ன எழுத்துகளாக இங்கேயே வார்த்தார்கள். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் முழுப் புதிய ஏற்பாடும் வெளிவந்தன. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். (சில மேடைகளில் இவர்தான் தமிழில் முதலில் அச்சடித்தார் என்று சொல்கிறார்கள். அது சரியில்லை. 1578-லேயே கத்தோலிக்கக் குருவானவர் அண்ட்ரிக் அடிகளார் கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சிட்டுவிட்டார். அந்தப் பெருமை அவருக்குத்தான் போக வேண்டும்.)

அவர் அச்சிட்ட எல்லாவற்றையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. இங்குள்ளவர்களின் வழிபாட்டை ‘அக்கியானம்’ (அறியாமை) என்று பேர் வைத்துத் தாக்கிய ஒரு கைப்பிரதியையும் அதே அச்சுக்கூடத்தில் 1713-இல் அடித்தார். அதைப் பற்றி நினைத்தாலே எனக்கு வருத்தம். ஆனால் அதே வருடம், கிராமத்துச் சாமிகள் வரை எல்லாத் தெய்வங்களைப் பற்றியும், இங்குள்ளவர்கள் சொன்னதையும் எழுதியதையும் வைத்து, ஒரு பெரிய நூலை எழுதி முடித்து ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே ஹாலேயிலிருந்து மிஷன் வேலைக்குத் துணை நின்ற பெரியவர் பிராங்கே, மிஷனரிகளை அனுப்பியது அந்நிய மதத்தை ஒழிக்கத்தானே, ஐரோப்பாவில் பரப்பவா என்று சொல்லி அச்சிட மறுத்துவிட்டார். அது வெளிவந்தது 1867-இல், மதராஸில். தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்த மனிதர் தம்முடைய ஆழமான புத்தகத்தை அச்சில் பார்க்காமலேயே 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் கண்ணை மூடினார். கடைசிக் காலத்தில் கோபன்ஹேகனில் இருந்த மிஷன் மேலிடத்திலிருந்து வந்த கடுமையான கடிதங்கள் வேறு அவரை வாட்டின.

அச்சு இயந்திரக் கதை நம் பக்கத்திலும் தொடர்ந்தது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரரின் அச்சுக்கூடத்தையும் அள்ளிக்கொண்டு மதராஸ் போனார்கள். அது வேப்பேரியில் ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியஸ் ஐயர் கைக்கு வந்தது, கம்பெனி வேலையையும் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. இன்றும் நாம் பாடுகிற ஞானப்பாட்டுகளில் பலவற்றைத் தமிழில் தந்தவர் அவர்தான்.

இப்போது நம் நிலைமைக்கு வருவோம். கடலூர் பஸ் ஸ்டாண்டிலும் சில்வர் பீச்சிலும் கைப்பிரதி கொடுக்கிறவர்களைப் பார்க்கிறேன். நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள், வெயிலில் நிற்கிறார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் வாங்கினவர் நின்று ஒரு வார்த்தை கேட்டால் பதில் பேச நேரமில்லை, அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்கள். கன்வென்ஷன் என்றால் ஊர் முழுக்கப் போதகர் முகம் போட்ட பிளெக்ஸ், மூன்று நாள் பிரசங்கம், ஒலிபெருக்கி. புத்தக மேசையில் அவருடைய புத்தகங்கள். வந்தவர்கள் வாய் திறக்கிற ஒரே இடம் காணிக்கைப் பாட்டு. அச்சும் பேச்சும் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற இந்தக் காலத்தில், கேட்கிற வழக்கம் நம்மிடம் சுத்தமாகப் போய்விட்டது. ஈயத்தை உருக்கி ஒவ்வோர் எழுத்தாகக் கோத்த மனிதருக்கு, பதில் கடிதங்களை உட்கார்ந்து படிக்க நேரம் இருந்தது.

போதகர்களிடமும் சபைக் கமிட்டிகளிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த கன்வென்ஷனில் ஒரு மாலையைக் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். மைக்கை ஜனங்களிடம் கொடுங்கள். தெருவில் நம்மோடு வாழ்கிற இந்து, முஸ்லிம் நண்பர்களையும் அழையுங்கள். மதம் மாற்ற இல்லை, நம்மைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள. உடனே பதில் சொல்லி மடக்கப் பார்க்காதீர்கள். ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதட்டும், நம்மைக் குறை சொன்னதையும் சேர்த்து. அதை வைத்து அடுத்த கைப்பிரதியை எழுதுங்கள், முதல் பக்கத்தில் அவர்கள் கேட்ட கேள்விகளையே போடுங்கள். தட்டச்சு செய்து தர நான் தயார். அச்சுச் செலவில் என் பங்கையும் தருகிறேன்.