ஹாலே கதவும் நம்ம குரூப்ல சுத்துற ஹிட்லர் கார்டும்

2019 அக்டோபர் 9, யோம் கிப்பூர், யூதர்களுக்கு வருஷத்துலயே ரொம்ப புனிதமான நாள். ஜெர்மனியில ஹாலேங்கிற ஊர்ல சினகாக்குக்குள்ள (யூதர்களோட கோவில்) அம்பது பேருக்கு மேல பிரார்த்தனைல இருக்காங்க, வெளிய ஒருத்தன் தானே செஞ்ச துப்பாக்கியோட வந்து கதவை சுட்டுப் பாக்குறான், கதவு அசையல. ரோட்டுல போன ஒரு பெண்ணையும் கொஞ்ச தூரத்துல கபாப் கடைல இருந்த ஒரு பையனையும் கொன்னுட்டான். இது அத்தனையும் ட்விட்ச்ங்கிற வீடியோ தளத்துல லைவ், 35 நிமிஷம் போல. என்னைய ரொம்ப உலுக்குன விஷயம் என்னன்னா, ஜெர்மன்காரன் ஜெர்மன் ஊர்ல நின்னுக்கிட்டு கேமராவுக்கு பேசுனது பெரும்பாலும் இங்கிலீஷ்ல. ஏன்னா அவன் ஆளுங்க ஹாலேல இல்ல, நெட்ல இருந்தாங்க.

லைவா பாத்தது அஞ்சு பேர்தான்னு ட்விட்ச்சே சொல்லுச்சு, அப்புறம் அந்தப் பதிவை தளத்துல இருந்து தூக்குறதுக்குள்ள அரைமணி நேரத்துல சுமார் 2,200 பேர், அதுக்கப்புறம் காப்பி காப்பியா டெலிகிராம்ல. இந்த மாதிரி வீடியோவுக்கு கைரேகை மாதிரி ஒரு நம்பர் எடுத்து கம்பெனிங்க தங்களுக்குள்ள பகிர்ந்துக்கிறாங்க, ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட், ட்விட்டர், யூடியூப் சேந்து 2017ல ஆரம்பிச்ச அமைப்பு மூலமா. நல்ல வேலைதான், ஆனா அது கொலை நடந்த பிறகு வர்ற வேலை. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா ஊறுற வெறுப்பை எந்த நம்பரை வெச்சு பிடிப்பீங்க? 2016ல அமெரிக்காவுல யூதப் பேருக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணு பிராக்கெட் போட்டு குறி வெச்சாங்க, அதுக்குன்னு கூகுளோட குரோம் பிரவுசர்ல சேத்துக்கிற ஒரு எக்ஸ்டென்ஷனே இருந்துச்சு. சாதாரண சர்ச் இன்ஜின் பிராக்கெட்டை கண்டுக்காது, அதனால யார் யாரை குறி வெக்கிறாங்கன்னு தேடியே பாக்க முடியல. பத்திரிகைக்காரங்க வெளிய கொண்டு வந்த பிறகுதான் கூகுள் அதை தூக்குச்சு.

அதான் சொல்றேன், மெஷின் மட்டும் பத்தாது, அந்த இடத்தோட பேச்சு தெரிஞ்ச மனுஷன் உக்காந்து கவனிக்கணும். ஹாலே கேஸ் விசாரணைல உயிர் பிழைச்சவங்களும் அவங்க வக்கீல்களும் கேட்டதும் இதுதான், அவன் ஊறிக்கெடந்த இமேஜ்போர்டு (பேர் சொல்லாம படமும் பேச்சும் போடுற நெட் தளம்) உலகமே தெரியாத போலீஸ்காரங்க அதை எப்படி விசாரிச்சீங்கன்னு. அவனுக்கு 2020 டிசம்பர்ல ஆயுள் தண்டனை ஆச்சு, ஆனா அந்தக் கேள்வி இன்னும் நிக்குது.

தமிழ்ல இந்த வேலைய யார் பண்றது? நம்ம குரூப்கள்ல ஒரு கார்டு சுத்துது, "எல்லா யூதர்களையும் கொன்னிருப்பேன், ஏன் கொன்னேன்னு உலகம் புரிஞ்சுக்க கொஞ்ச பேரை விட்டு வெச்சேன்"னு ஹிட்லர் சொன்னதா. காசா செய்தி வரும்போதெல்லாம் இது திரும்ப எந்திரிச்சு வருது, நல்ல படிச்சவங்களே ஷேர் பண்றாங்க. காசால கொழந்தைங்க சாகுறதுக்கு இஸ்ரேல் அரசை திட்டுங்க, நானும் திட்டுறேன், அது வேற. அறுபது லட்சம் பேரை கொன்னவனை தீர்க்கதரிசி ஆக்குறது வேற, இது ரெண்டையும் ஒண்ணா கலக்குறவங்க பாலஸ்தீனத்துக்கும் எந்த நன்மையும் செய்யல. நான் ஒரு தளத்துல ரிப்போர்ட் அடிச்சேன், விதிமீறல் இல்லன்னு பதில் வந்துச்சு. அதுல இருந்த தமிழை யாராவது படிச்சாங்களான்னே சந்தேகமா இருக்கு.

கார்டுல இருக்கிற அந்த வசனம் ஹிட்லர் பேச்சுலயோ எழுத்துலயோ எங்கயும் இல்ல. கொஞ்ச பேரை விட்டு வெச்சான்ங்கிறதும் முழுப் பொய். 1942 ஜனவரில பெர்லின் பக்கம் வான்சேல நாஜி அதிகாரிங்க கூடுனப்ப ஒரு லிஸ்ட் வெச்சிருந்தாங்க, அழிக்க வேண்டிய யூதர் நாடு வாரியா எத்தன பேர்னு, மொத்தம் ஒரு கோடியே பத்து லட்சம். அவங்க கைக்கு இன்னும் சிக்காத இங்கிலாந்து இருக்கு, போர்லயே இல்லாத அயர்லாந்து 4,000 பேரோட இருக்கு, அல்பேனியாவுல இருந்த வெறும் 200 பேரக்கூட எண்ணி எழுதி வெச்சிருக்காங்க. அந்த கார்டு உங்க குரூப்ல வந்தா வெறுப்புப் பேச்சுன்னு ரிப்போர்ட் அடிங்க, அனுப்புனவரு சித்தப்பாவா மாமாவா இருந்தாலும் அதே இடத்துல, மரியாதையாவே, இந்த அல்பேனியா கணக்கை எழுதிக் கேளுங்க, யாரை விட்டு வெச்சான்னு.