சினிமாத் திரையில் ஒளிந்த விளம்பரம்: பரவும் கதை பொய்

“திரைப்படத்தின் நடுவே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ‘பாப்கார்ன் சாப்பிடு, கோக் குடி’ என்று காட்டியதும் விற்பனை எகிறியது, விளம்பரங்கள் இப்படித்தான் நம்மை வாங்க வைக்கின்றன” என்ற செய்தி மீண்டும் சுற்றுகிறது. இது தவறு.

1957-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் விகாரி என்ற சந்தை ஆய்வாளர் சொன்னது இது. 5 நொடிக்கு ஒருமுறை, நொடியில் 3,000-ல் ஒரு பங்கு நேரம் வரிகள் மின்னியதாகவும், கோக் விற்பனை 18.1 சதவீதம் கூடியதாகவும் கூறினார். முழுத் தரவை அவர் வெளியிடவே இல்லை. அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தபோது பலன் கிடைக்கவில்லை. 1962-ல், தன்னிடம் இருந்த தரவு மிகக் குறைவு என்று அவரே ஒப்புக்கொண்டார்.

உண்மையில் நம்மைத் தொடுவது பளிச்சென்று தெரியும் விளம்பரம்தான். அடித்துக் காட்டும் பழைய விலை, புதிய விலையை மலிவாகத் தோன்ற வைக்கிறது. முகப்பூச்சு விளம்பரங்களின் ‘முன்–பின்’ முகப் படங்களை உற்றுப் பாருங்கள்: முதல் படத்தில் வெளிச்சம் மேலிருந்து விழுந்து ஒவ்வொரு குழியையும் நிழலாக்கும், இரண்டாவதில் நேரெதிரே மென்மையான ஒளி. மாறியது பெரும்பாலும் தோல் அல்ல, விளக்கு. அந்த இரண்டாவது படத்தோடு ஒப்பிட்டுத்தான் பலர் தம் முகத்தையே வெறுக்கிறார்கள்.