அடைத்த ஜன்னல் எல்லாம் ஜன்னல் வரியால் அல்ல

ஒரு படம் பகிரப்பட்டது. அதில் இருப்பது இங்கிலாந்து கிராமத்து ஜார்ஜியன் பாணி (ஜார்ஜ் மன்னர்கள் காலத்து) வீடு, பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உள்ளது. மாடியில் செங்கல்லால் மூடிய ஜன்னல், ஜன்னல் வரிக்கு, அதாவது வீட்டு ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பொறுத்த வரிக்குப் பயந்து அடைக்கப்பட்டது என்கிறார்கள்.

வரி நிஜம்தான், 1696 முதல் 1851 வரை இருந்தது. அதற்காக அடைத்தவர்களும் உண்டு. ஆனால் இத்தகைய வீடுகளில் பல ஜன்னல்கள் கட்டும்போதே 'குருட்டு ஜன்னலாக', அதாவது திறப்பு இல்லாமல் ஜன்னல் வடிவப் பள்ளமாக மட்டும் விடப்பட்டவை. முகப்பின் இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும்; உள்ளே அந்த இடத்தில் கணப்பின் புகைக்குழாயோ குறுக்குச் சுவரோ வந்துவிடும். வேறென்ன செய்வார் கொத்தனார்? சில இடங்களில் கறுப்படித்து, வெள்ளைக் கோடிட்டுக் கண்ணாடி மாதிரியே காட்டியிருப்பார்கள்!

சோதிப்பது எளிது. பள்ளத்தின் ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பின்னால் அடைத்தது என்றால் மேலிருந்து கீழாக ஒரே நேர்க்கோட்டுப் பிளவு தெரியும். செங்கல் நிறமும் சாந்தும் வேறுபடும். ஆரம்பத்திலேயே கட்டியது என்றால் செங்கல் வரிசைகள் பக்கச் சுவரோடு பிணைந்து, அதே மட்டத்தில் ஓடும். சுண்ணாம்பு பூசியிருந்தால் இது தெரியாது. அப்போது வீட்டுக்குள் அதே இடத்தைப் பாருங்கள். வீடு கட்டியபோதே வைத்த புகைக்குழாய் இருந்தால் அங்கே ஜன்னல் இருந்திருக்க வழியே இல்லை.

நேரில் போக முடியாதவர்கள் பழங்காலக் கட்டடங்களைக் கவனிக்கும் அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணையதளப் பட்டியலில் ஊர்ப்பெயர் போட்டு இலவசமாகத் தேடலாம். வீட்டைப் பற்றிய குறிப்பு விரிவாக இருந்தால் 'பிளைண்ட்' (blind, குருட்டு) என்றே எழுதியிருக்கலாம்.