பொதி கொடுக்கப் பலர் இருக்கிறார்கள், கிணற்றை யார் பார்ப்பது?

2008 நிஷா, 2020 புரெவி, 2024 பெங்கல் என்று புயல் வந்து யாழ் குடாநாட்டை வெள்ளம் மூடிய ஒவ்வொரு முறையும் எங்கள் சேவைக் கழகங்கள் உலர் உணவுப் பொதியோடுதான் இறங்கின. சாப்பாடு, பாய், படங்கு எல்லாம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றைப் பிரதேச செயலகமும் கோயில்களும் வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கங்களும் கொடுக்கின்றன. முகாமை விட்டு வீடு திரும்பும் சனத்துக்கு முதலில் வேண்டியது குடிக்கக்கூடிய கிணறு. அதற்குத்தான் ஆளில்லை. லயன்ஸ், ரோட்டரி, லியோ, சனசமூக நிலையம் எதுவாக இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் வெள்ள நிவாரணத்தின் முதல் வேலை கிணறாக இருக்க வேண்டும்.

வருடம் முழுக்க ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. பெரும்பாலும் குடிப்பது நிலத்தடி நீர், அது நிற்பது வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல்லில். மலசலகூடக் குழி நிரம்பினால் அந்த அழுக்கு மண்ணில் வடிபடாமல் வெடிப்பு வழியே பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போய்விடும். வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் மஞ்சட்காமாலையும் பிறகு வருவது இதனால்தான்.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெரிய தவறு, வெள்ளம் வடிந்த மறுநாளே பம்பைப் பூட்டி இறைப்பது. சுற்றியுள்ள நிலம் முழுக்க ஊறியிருக்கும்போது ஒரு கிணற்றை மட்டும் வெறுமையாக்க முடியாது. இறைக்க இறைக்க அயலிலுள்ள அழுக்குநீரும் உள்ளே வரும். வெளிநீரின் அழுத்தத்தில் பழைய கிணற்றுக் கட்டுகள் உள்ளுக்குச் சரிந்து விழவும் கூடும். தீவகத்திலும் கரையோரத்திலும் இன்னும் மோசம். அங்கே நன்னீர் உப்புநீருக்கு மேல் மிதக்கிறது, வேகமாக இறைத்தால் கீழுள்ள உவர் மேலே ஏறிவிடும். ஆகவே நீர்மட்டம் இறங்கும்வரை குளோரினும் கொதிநீரும்தான் வழி.

குளோரினைக் கண்மதிப்பில் கொட்டாதீர்கள். கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் அடிக்கணக்கில் அளந்து, விட்டத்தை அதாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் பிறகு 22 ஆலும் பெருக்குங்கள். வருவது லீற்றர் கணக்கு. 10 அடி விட்டம், 6 அடி நீர் என்றால் 13,200 லீற்றர். 33 வீதக் குளோரின் தூளில் 1,000 லீற்றருக்கு 15 கிராம், ஆக ஏறத்தாழ 200 கிராம். தூளை முதலில் கொஞ்சத் தண்ணீரில் களியாகக் குழைத்து, பிளாஸ்ரிக் வாளியில் 10 லீற்றராக்கி, பத்து நிமிடம் அடைய விட வேண்டும். மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றுங்கள். அடியில் நிற்பது சுண்ணாம்பு, அது உள்ளே போகக்கூடாது. பிறகு வாளியை அடிவரை விட்டு விட்டு இழுத்துக் கலக்க வேண்டும். இந்தக் கலக்கலை விட்டுவிடுவதால்தான் மேல்நீர் மணக்கும், கீழ்நீர் அப்படியே கிடக்கும். நுளம்புக் குடம்பிக்காக மீன் விட்ட கிணறென்றால் முதலில் மீனைப் பிடித்து வேறு தொட்டியில் விடுங்கள்.

பின்னேரம் போட்டு இரவு முழுக்க விட்டு, காலையில் கொஞ்சத் தண்ணீர் எடுத்து டிபிடி எனும் குளோரின் சோதனை மாத்திரையால் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு வந்து, மிச்சக் குளோரின் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்ட வேண்டும். நிறமே வரவில்லையென்றால் சேறு குளோரினைத் தின்றுவிட்டது, அல்லது தூள் பழசு. திறந்த பை எங்கள் வெக்கையில் சீக்கிரம் வலுவிழக்கும், மூக்கில் ஏறாத தூளை நம்பாதீர்கள். குளோரின் போட்டாலும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

மட்டம் இறங்கிய பிறகுதான் இறைப்பு. மேலிருந்து உறிஞ்சும் பம்புக்கு 20, 25 அடிக்குக் கீழே தண்ணீர் எட்டாது. உடனே பெற்றோல் பம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். அந்தப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை. இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவார். ஆழமென்றால் நீர்மூழ்கி மோட்டர் போடுங்கள், ஜெனரேற்றர் மேலேயே நிற்கட்டும், மோட்டர் ஓடும்போது ஒருவரும் உள்ளே நிற்கக்கூடாது. இறைக்கும் நீர் கிணத்தடியிலேயே ஊறித் திரும்பாதபடி குழாயைத் தூரக் கொண்டுபோக வேண்டும். 2024 டிசம்பரில் இங்கே சேற்றுநீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் உயிர்களைக் குடித்தது. பூட்ஸ், கையுறை இல்லாமல் பொடியளைச் சேற்றில் இறக்க எந்தக் கழகத்துக்கும் உரிமையில்லை. தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேளுங்கள்.

குளோரின் கிருமியைத்தான் கொல்லும். உரத்தால் வரும் நைத்திரேற்றையோ எண்ணெயையோ உவரையோ அது தொடாது, கொதிக்க வைத்தாலும் நைத்திரேற் போகாது. அப்படிப்பட்ட இடத்தில் “கிணறு சுத்தம்” என்று சொல்லிவிட்டு வருவது ஆபத்து. அங்கே தண்ணீர்ப் பவுசரும் தாங்கியும்தான் உதவி.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? லயன்ஸிலும் ரோட்டரியிலும் யூலை 1இல் நிர்வாகம் மாறுகிறது, ஐப்பசியில் மழை தொடங்குகிறது. புதுத் தலைவர் பதவியேற்பு விழாவை முடித்து நிமிர்வதற்குள் வெள்ளம் வந்துவிடும். போன வருடப் பம்ப் யார் வீட்டில் என்றே தெரியாது. பம்ப், குழாய், அளவுநாடா, தராசு, டிபிடி பெட்டி எல்லாம் தலைவர் மாறினாலும் மாறாத ஒரு பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும். ஆவணி, புரட்டாதியில் நீர் வற்றியிருக்கும்போது கிராம சேவகரோடும் பிஎச்ஐ எனும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடும் போய்ப் பள்ளமான பகுதிக் கிணறுகளைப் பதிந்துகொள்ளுங்கள்: விட்டம், ஆழம், கட்டின் உயரம், மலக்குழி எத்தனை அடி தூரத்தில். அந்தப் பதிவிலேயே தெரிந்துவிடும், எந்தக் கட்டு முந்தைய வெள்ளமட்டத்தை விடத் தாழ்வு என்று. அவற்றை இரண்டடி உயர்த்திச் சுற்றிவர வெளிப்பக்கம் சரிந்த சீமெந்துத் தளம் போட்டால் மேல்வெள்ளம் நேரே உள்ளே பாயாது. பொதிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இந்த வருடம் இதற்கு எடுத்து வையுங்கள், மழைக்கு முன் மேசன் வேலை முடிய வேண்டும்.