ரப்பரை மாற்றச் சொன்னால் சிலிக்கோனைப் பூசுகிறார்கள்!

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை மழை கொட்டத் தொடங்கினால் எங்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் தண்ணீர் வழிகிறது. ஜன்னல் கண்ணாடிக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பட்டை வெயிலில் இறுகி, மூலைகளில் சுருங்கி, நகத்தால் கீறினாலே கரித்தூளாக உதிர்கிறது. அதை மாற்றித் தாருங்கள் என்று ஆளைக் கூப்பிட்டால், வருகிறவர் பட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், அழுக்கும் ஈரமுமாக இருக்கும் சட்டத்தின்மேலேயே இடுக்கை அடைக்கும் சிலிக்கோன் பசையைப் பிதுக்கிப் பூசிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

இதற்குப் பெயர் பழுதுபார்ப்பா? பழைய சிலிக்கோனின்மேல் புதியது பிடிக்காது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. பழையதை முழுவதும் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே பூச வேண்டும். பூசிய பின் ஒரு நாளாவது மழை படாமல் விட வேண்டும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஜன்னலின் அடிச்சட்டத்தில், வெளிப்புறமாகச் சிறு துளைகள் இருக்கும். உள்ளே புகுந்த மழைநீர் வடிவதற்காகவே அவற்றை வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அவற்றையும் ஓட்டை என்று எண்ணி அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! கத்தி முனையால் அந்த அடைப்பைக் குத்தி எடுத்தபோது, தேங்கிக் கிடந்த கறுப்புத் தண்ணீர் நாற்றத்தோடு என் கையில் வழிந்தது. சுவர் ஊறிப் போனதற்கு யார் பொறுப்பு?

கடைகளும் இப்படித்தான். பட்டையின் வெட்டுத் துண்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டினாலும், கதவிடுக்கில் ஒட்டும் ஸ்பாஞ்சுச் சுருளை எடுத்து நீட்டுகிறார்கள். கண்ணாடியின் தடிமனுக்கும் சட்டத்தின் பள்ளத்துக்கும் பொருந்தாத பட்டை எப்படித் தண்ணீரைத் தடுக்கும்? ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பிழைத்த ஊர் இது. இயற்கை ரப்பர் வெயிலில் கிடந்தால் வெடித்துப் போகும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயிலையும் காற்றிலுள்ள ஓசோனையும் தாங்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பட்டையை வாங்கி வைத்தால் என்ன?

புது வீடு வாங்கியவர்கள், சாவி கைக்கு வந்ததிலிருந்து 24 மாதங்களுக்குள் ஜன்னல் ஒழுகினால், வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளருக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அதைச் சரிசெய்வது சட்டப்படி அவர் பொறுப்பு. எங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. பட்டையை மாற்றத் தெரியாதவர் தெரியாது என்றே சொல்லட்டும், வேறு ஆளைத் தேடிக்கொள்கிறோம். சிலிக்கோன் துப்பாக்கியோடு மட்டும் இனி யாரும் எங்கள் வாசலுக்கு வர வேண்டாம்.