சம்பளமில்லாத வழிகாட்டி

விருந்தாளி வந்துவிட்டால் ஊரைச் சுற்றிக் காட்டும் உத்தியோகம் என் தலையில்தான். அதே பழைய கட்டடத்துக்குப் பத்தாவது முறையாகப் போகிறேன். "இதை எப்போ கட்டினாங்க?" என்பார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை. வாசல் பலகையை ஓரக்கண்ணால் படித்து, பரம்பரையாகத் தெரிந்தவன்போலச் சொல்வேன்.

சரி, அதுகூடப் பரவாயில்லை. ஊர்ப் பெருமை என்று ஆசையாகச் சாப்பிடக் கூட்டிப்போனால், அன்றைக்கென்று பார்த்துச் சமையல் சொதப்பும். ஒரு வாய் வைத்துவிட்டு, "ம், நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அந்தத் 'தான்' இருக்கிறதே! அப்புறம், "எங்க ஊர்ல இதையே வேற மாதிரி செய்வாங்க" என்று ஆரம்பிப்பார்கள். ஏதோ அடுப்படியில் நின்று நானே கிளறியதுபோல எனக்கு முகம் தொங்கிவிடும்.

"வேற என்ன பார்க்க இருக்கு?" என்கிறார்கள். மணி பதினொன்றுதான் ஆகிறது.